ஆளில்லாத தாள்

மலையைக் காணவில்லை. பழைய தாளின் மேல் புதிய தாளை வைத்து, ஓரங்களைப் பொருத்தி, கண்ணாடி மேசைக்கு அடியிலிருக்கும் விளக்கைப் போட்டு அவள் மூன்றாவது முறையாகத் தேடினாள். பழைய தாளின் வடகிழக்கு மூலையில் ஐயாயிரத்து இருநூற்றுப் பதினான்கு மீட்டர் உயரத்தில் ஜம்மென்று நின்ற சிகரம், புதிய தாளில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு பள்ளமாகக் கிடந்தது. மலைகள் எழுந்து எங்கும் போய்விடுவதில்லை. ஆகவே இரண்டில் ஒரு தாள் பொய் சொல்கிறது. எது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. அந்த வேலையில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவமும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தலைக்கனமும் இருந்தன.

வரைபடத் துறையின் சரிபார்ப்புப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. அடுத்தவர் போட்ட தப்பான கோடுகளை அழிப்பதே பிழைப்பு என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு ரப்பர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள்; அவளுக்கு முதுகிலும் காது உண்டு. அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. அழிக்கப்படுகிறவர்கள் ரப்பரைத் திட்டாமல் வேறு என்ன செய்வார்கள் என்று நினைத்துக்கொள்வாள். அந்தக் கட்டடத்தில் மதிக்கத்தக்க ஆள் என்று அவள் யாரையும் எண்ணியதில்லை. வரைகிற பிரிவில் இருந்தவர்கள் பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்குப் பென்சில் சீவி பன்னிரண்டுக்குச் சாப்பாட்டை நினைக்க ஆரம்பிப்பவர்கள். கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் போன மாதம் ஓர் ஏரியை விமான நிலையம் என்று குறித்து அனுப்பியவர். "மெஷின் பொய் சொல்லாது மேடம்" என்று அவர் இப்போதும் வந்து சொல்லிவிட்டுப் போனார். மெஷின் பொய் சொல்லாது, சரி. அதைத் தட்டுகிற கையைப் பற்றி யார் உத்தரவாதம் தருவது என்று கேட்க நினைத்து, அந்த ஆளிடம் ஒரு வாக்கியத்தைச் செலவழிப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

அது எழுபத்து மூன்றாம் தாள். ஆளில்லாத தாள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதில் ஊர் இல்லை, சாலை இல்லை, ஒற்றையடிப் பாதைகூட இல்லை. ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்துப் போகும் பழுப்புக் கோடுகளும், நாலைந்து நீல ஓடைகளும், பனிக்கு விட்ட வெள்ளையும்தான். கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் சரிவு, மனிதன் நடந்து போகலாம். நெருங்கி ஒட்டினால் செங்குத்துப் பாறை. அவ்வளவுதான் அந்தத் தாளின் மொழி. நகரத் தாள்களில் ஒரு சந்து இடம் மாறினால் மறுநாளே தொலைபேசியில் ஒருவர் கத்துவார். மலையிலிருந்து யாரும் கூப்பிடுவதில்லை. அதனால் ஆளில்லாத தாள் வந்தால் பிரிவே மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடும்.

இப்போது அந்தத் தாளுக்கு அவசரம் வந்ததற்குக் காரணம் இயக்குநர். மீன்வளத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். உயரக் கோடுகளை இன்றுவரை வளையம் என்றுதான் சொல்லுவார். துறைக்கு எழுபத்தைந்தாவது ஆண்டு விழா வருகிறது, யாரையாவது கௌரவிக்க வேண்டும் என்று தேடியபோது அவருக்கு ஒரு பெயர் கிடைத்தது: முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரே கோடையில் அந்த மலைத் தாளை அளந்து முடித்தவர். பதக்கம் வாங்கியவர். கயிறும் கம்பும் தொப்பியுமாக அவர் நிற்கும் புகைப்படம் மாடிப்படி ஏறும் இடத்தில் மாட்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் அலுவலகத்தில் அவருக்கு மலைக்காரர் என்றே பெயர். வடகிழக்குச் சிகரத்துக்கு அவர் பெயரை வைத்து, புதிய தாளில் அச்சிட்டு, மேடையில் விரித்துக் காட்டுவது என்று இயக்குநர் முடிவெடுத்தார். புதிய தாள் விமானத்திலிருந்து லேசர் அடித்து அளந்தது. பெயரை எங்கே போடுவது என்று குறித்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு வந்தது.

மலைக்காரர் அவளுடைய அத்தான். அக்காவின் கணவர்.

இரண்டு நாள் அவள் மெஷினைத்தான் சந்தேகப்பட்டாள். லேசர் அளவை மறுபடி கேட்டு வாங்கினாள், வந்ததும் அதே பள்ளம். மேற்குப் பாதி முழுக்கப் பழைய தாளும் புதிய தாளும் கையும் உறையும் மாதிரிப் பொருந்தின. கிழக்கே போகப் போகத்தான் எல்லாம் பிசகியது. மூன்றாம் நாள் மதியம், உருண்டு விழுந்த பென்சிலை எடுக்க அவள் மேசையின் அந்தப் பக்கம் போனாள். நிமிர்ந்தபோது பழைய தாளைத் தலைகீழாகப் பார்த்தாள். மூன்று ஓடைகள் கோழிக்கால் போல வந்து கூடும் ஓர் இடம். அதற்குப் பக்கத்தில் தூண்டில் முள் மாதிரி வளைந்த ஒரு முகடு. இந்த இடம் எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. போகாத இடம், ஆனால் தெரியும்.

பத்து நிமிஷத்தில் அலமாரியிலிருந்து நாற்பத்தொன்றாம் தாளை உருவினாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவள் சரிபார்த்த தாள் அது. தெற்கே எங்கோ இருக்கும் காட்டு மலை. அதைத் தலைகீழாகத் திருப்பி எழுபத்து மூன்றின் கிழக்குப் பக்கத்தில் வைத்து விளக்கைப் போட்டாள். கோடுகள் ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டன. ஓர் இடத்தில்கூட மயிரிழை பிசகவில்லை. நாற்பத்தொன்றாம் தாளில் சிகரத்தின் உயரம் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. அதோடு அத்தான் மூவாயிரத்தைக் கூட்டியிருந்தார், அவ்வளவுதான். எல்லா உயரங்களிலும் மூவாயிரம். கடைசி இலக்கங்களைக்கூட மாற்றவில்லை. ஏமாற்றுவதற்குக்கூட உடம்பு வணங்காத மனிதர் என்று அவள் நினைத்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வாய்விட்டுச் சிரிக்கலாம்போல இருந்தது. அந்தத் தொப்பியும், அந்தக் கயிறும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டு மேசையில் பனியைப் பற்றி அவர் விடுகிற பெருமூச்சும். அக்காவின் கல்யாணத்திலிருந்து அவள் கேட்டுச் சலித்த பெருமூச்சு அது.

தாள்களைச் சுருட்டிக்கொண்டு நேராக இயக்குநரின் அறைக்குப் போனாள். அவர் அழைப்பிதழ்க் கட்டு ஒன்றைப் பிரித்து, தன் பெயர் எந்த அளவு எழுத்தில் வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க மேடம். பேரு போட்டாச்சா?"

"போட முடியாது சார். அங்க மலை இல்ல."

"இல்லன்னா?"

"இல்ல. பள்ளம்தான் இருக்கு. பழைய தாள்ல கிழக்குப் பக்கம் முழுக்கப் பொய். வேற ஒரு தாளைத் தலைகீழா வச்சு இழுத்திருக்காங்க."

மேசையில் இரண்டு தாள்களையும் போட்டுக் காட்டினாள். இயக்குநர் நாற்காலியை முன்னே நகர்த்தி, கண்ணாடியை ஏற்றி இறக்கி, நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை என்பது அவர் புருவத்திலேயே தெரிந்தது. கடைசியில், யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்தவரின் குரலில் கேட்டார்:

"பக்கத்துல வேற ஏதாவது மேடு இருக்கா?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் உண்மையாகவே கேட்டார்.

"சார், மேடு இருக்கா இல்லையாங்கறது விஷயம் இல்ல. இந்தத் தாளை நம்ம துறை முப்பத்தொரு வருஷமா வித்திருக்கு."

"மேடம், கொஞ்சம் உட்காருங்க. அங்க யாரு இருக்கா? ஒரு ஆடு மாடு உண்டா? இத்தனை வருஷத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர், இதுல தப்பு இருக்குன்னு புகார் சொல்லியிருக்காங்களா?"

"ஒருத்தர் சொன்னார்" என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. அதுவரை, அந்த மூன்று நாளிலும், அந்த ஆள் அவள் நினைவுக்கு வரவே இல்லை.

"யாரு? என்ன பதில் போட்டோம்?"

"நான்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு, தாள்களைச் சுருட்டாமல் கையில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய கோப்பு. பனி எவ்வளவு உருகுகிறது என்று அளக்க மூன்று பேர் அந்த மலைக்குப் போயிருந்தார்கள். வானிலை கெட்டது. வந்த வழியில் திரும்பினால் மூன்று நாள் ஆகும்; கிழக்கே இறங்கினால் அரை நாளில் பள்ளத்தாக்கு. தாளில் கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தன, ஒரு மனிதன் கையை வீசிக்கொண்டு இறங்கிப் போகலாம். தலைமை தாங்கியவர் கிழக்கே கூட்டிப்போனார். அங்கே சரிவு இல்லை, பாறைச் சுவர் இருந்தது. பாறை விளிம்பில் இரண்டு இரவு. இரண்டு பேர் ஏறித் திரும்பினார்கள். மூன்றாமவரைத் தேடிப் போனவர்கள் பனிக்கு அடியில் எங்கே என்று தெரியாமல் திரும்பி வந்தார்கள். விசாரணை நடந்தது. தலைமை தாங்கியவர் துறைக்கு ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருந்தார். கோழி கிளறியதுபோலக் கோணல் மாணலான எழுத்து. பதினோரு எழுத்துப் பிழைகள். அந்தப் பதினொன்றையும் அவள் அப்போது சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். கோப்பில் அந்த வட்டங்கள் இன்னும் பளிச்சென்று இருந்தன. விசாரணைக்கு அவள் அனுப்பிய பதிலின் நகல் அதற்குக் கீழே. இரண்டு வரிதான். "வரைபடத்தில் பிழை ஏதுமில்லை. வரைபடத்தை வாசிக்கத் தெரியாதவர் கையில் அதைக் கொடுத்ததே பிழை." அந்த இரண்டாவது வரி அலுவலகம் முழுக்கச் சுற்றியது. வரைகிற பிரிவில் ஒருவர் அதை நடித்துக் காட்டினார். அவளும் அதை ரசித்தாள் என்பதுதான் உண்மை. அளந்தவர் மலையில் எழுதிவைத்த களக்குறிப்பு நோட்டுகளை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. இவ்வளவு மோசமாக எழுதுகிற ஒருவன் எப்படிச் சரியாகப் படித்திருப்பான் என்று தீர்மானித்துவிட்டாள். அந்தத் தீர்மானம் எடுக்க அவளுக்கு ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் விழாவுக்கான உரையை நிலைக்கண்ணாடி முன்னால் நின்று படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "மலையில்தான் ஒரு மனிதன் தன்னைச் சந்திக்கிறான்" என்பது அதன் முதல் வரி. அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, "அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க" என்று திருத்திக்கொண்டிருந்தாள்.

தங்கை சாப்பாட்டு மேசையில் எழுபத்து மூன்றை விரித்து, அதன் மேல் நாற்பத்தொன்றைத் தலைகீழாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தாள். அத்தான் உரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தார். அவர் முகம் வெளிறும் என்று எதிர்பார்த்திருந்தாள். அது மலர்ந்தது.

"எப்படிப் பிடிச்ச?"

"மேசைக்கு அந்தப் பக்கம் நின்னேன்."

"அட." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எத்தனை பேர் கையில போயிட்டு வந்துச்சு தெரியுமா. ஒருத்தனுக்கும் கண்ணு இல்ல. நம்ம வீட்டுப் பொண்ணுதான் பிடிக்கணும்னு இருந்திருக்கு."

அந்தப் பாராட்டு அவள் மேல் எச்சில் தெறித்ததுபோல விழுந்தது. அக்கா துணியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

"கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருந்துச்சுடி. இவர் அங்க கல்லை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். தேதிக்கு வரலைன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்னு சொல்லி அனுப்பினேன். ஓடி வந்துட்டார். அப்புறம் புது வீட்டுல, தரையில கண்ணாடியைப் போட்டு, கீழ விளக்கை வச்சு, ரெண்டு பேருமா உட்கார்ந்து இழுத்தோம். தாள் நகராம நான்தான் பிடிச்சுக்கிட்டேன். முதுகு ஒடிஞ்சு போச்சு."

புதுமணத் தம்பதி எங்கோ ஊர் சுற்றிய கதையைச் சொல்வதுபோல அக்கா சொன்னாள். முப்பத்தொரு வருஷமாகச் சொல்ல முடியாமல் வைத்திருந்த ஒரு நல்ல நினைவு அது என்பது அவள் கண்ணில் தெரிந்தது. தங்கை அந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு திருடனையும் அவன் கூட்டாளியையும் பார்ப்பது சுலபம். இது அதைவிட அருவருப்பாக இருந்தது. இவர்கள் தங்களைத் திருடர்களாக நினைக்கவே இல்லை.

"அங்க ஒருத்தர் செத்துப்போனார்" என்றாள்.

அக்கா மறுபடி துணியை எடுத்தாள். அத்தான் மேசையைத் தடவினார்.

"தெரியும். பேப்பர்ல படிச்சேன்."

"படிச்சிட்டு?"

"ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கல."

"ஆமாம்டி" என்றாள் அக்கா. "ரெண்டு நாள் மனுஷன் தட்டைத் தொடவே இல்ல."

"மூணாம் நாள்?"

அத்தான் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்து மாட்டிக்கொண்ட பிறகு அவர் குரல் மாறியிருந்தது. அதில் சத்தம் இல்லை.

"நான் போட்டது பொய்க் கோடுதான். இல்லன்னு சொல்லல. விசாரணைக்காரங்க துறையைக் கேட்டப்போ, எங்க போய் நிக்கப் போறோம்னு நடுங்கிக்கிட்டுதான் இருந்தேன். நீ பதில் எழுதின. அதுல தப்பே இல்லன்னு எழுதின. நான் உன்கிட்ட வந்து கேட்டனா? ஒரு வார்த்தை சொன்னனா? நான் போட்டதை உண்மைன்னு ஆக்கினது நீதான்."

"உன்னை அந்த ஆபீஸ்ல சேர்த்துவிட்டதே இவர்தான்" என்று அக்கா துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதையும் கொஞ்சம் நினைச்சுக்க."

அவள் தாள்களைச் சுருட்டினாள். படியிறங்கும்போது அத்தானை நினைத்து எரிச்சல்படப் பார்த்தாள், முடியவில்லை. அந்த மனிதர் சோம்பேறி, கோழை, வாய்ச்சொல் வீரர், எல்லாம் சரி. ஆனால் அவர் சொன்ன கடைசி வாக்கியத்தில் அழிக்க ஒரு எழுத்தும் இல்லை. உலகத்தில் இருக்கிற எல்லோரையும் எடைபோட்டுத் தள்ளிவைத்த தராசில் தன்னையே ஏற்றிப் பார்ப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. பேருந்து நிறுத்தத்தில் அவள் இரண்டு பேருந்துகளைத் தவறவிட்டாள்.

திங்கட்கிழமை இரண்டு பக்க அறிக்கை எழுதினாள். தாளில் என்ன பொய், எப்படி வந்தது, ஆறு வருஷத்துக்கு முன்னால் அதைச் சரியென்று சொன்னது யார், எதைப் பார்க்காமல் சொன்னார். தன் பெயர் வரும் இடங்களில் "சரிபார்ப்புப் பிரிவு" என்று எழுதலாம் என்று பேனா ஒரு முறை தயங்கியது. எழுதவில்லை. இயக்குநர் அறிக்கையைப் படித்தார், அல்லது படிப்பதுபோல வைத்திருந்தார்.

"விழா முடியட்டும் மேடம். அப்புறம் ஒரு கமிட்டி போட்டுப் பார்த்துக்கலாம். பேருக்கு வேற இடம் கிடைச்சிடுச்சு. ரெண்டு சென்டிமீட்டர் தெற்க ஒரு மேடு இருக்காமே, கம்ப்யூட்டர் பிரிவுல சொன்னாங்க. நிஜ மேடுதான். செக் பண்ணச் சொல்லிட்டேன்." அவருக்கு முகம் கொள்ளாத திருப்தி. "மேடையில தாளை நீங்கதான் எடுத்துக் கொடுக்கறீங்க. குடும்பம் வேற. நல்லா இருக்கும்."

அவள் அன்று மாலையே அறிக்கையின் இன்னொரு பிரதியை விசாரணை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

விழா நடந்த வெள்ளிக்கிழமை காலை, துறையில் எல்லோரும் புதுச்சட்டையில் மண்டபத்தில் இருந்த நேரத்தில், அவள் புதிய தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நகரக் குடிநீர் அலுவலகத்துக்குப் போனாள். கடிதம் எழுதியவர் இப்போது அங்கே வேலை பார்க்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். பனியாற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்தவர், இப்போது வீடு வீடாகப் போய்க் குழாய் மீட்டரைப் படிக்கிறார். நீளமான ஒரு அறை. சுவரோரம் பழைய மீட்டர்கள் குவித்துக் கிடந்தன. ஐம்பதை நெருங்கிய ஒருவர் குனிந்து, அன்று போக வேண்டிய தெருக்களின் பட்டியலை ஒரு அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். இடது கையால் எழுதினார். வலது கை மேசையில் சும்மா கிடந்தது. பனி தின்றது போக அதில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் இருந்தன.

அவளுக்குக் கோப்பில் இருந்த கோணல் மாணலான எழுத்தும் பதினோரு சிவப்பு வட்டங்களும் நினைவுக்கு வந்தன.

"என்ன வேணும்?" அவர் நிமிராமல் கேட்டார்.

"நான் வரைபடத் துறையிலேருந்து வரேன்."

எழுதுகிற கை நின்றது. "எந்தப் பிரிவு?"

"சரிபார்ப்பு."

அவர் நிமிர்ந்து அவளை முழுசாகப் பார்த்தார். கண்ணாடி, கைப்பை, கக்கத்தில் இருந்த சுருள், காலில் இருந்த செருப்பு எல்லாவற்றையும். "அந்த ரெண்டு வரி எழுதினது நீங்களா?"

"நான்தான்."

அவர் அந்த இரண்டு வரியையும் சொன்னார். ஒரு சொல் பிசகாமல், குரலை உயர்த்தாமல், விலாசம் சொல்வதுபோல. வருகிற வழியெல்லாம் அவள் பலவிதமாக ஒத்திகை பார்த்திருந்தாள். அவர் கத்தினால் என்ன சொல்வது, அழுதால் என்ன, சட்டம் பேசினால் என்ன. அவர் எதுவும் செய்யவில்லை. உதட்டின் ஒரு ஓரம் மட்டும் லேசாக இறங்கியது. அதை அவளுக்கு நன்றாக அடையாளம் தெரியும். தன் நேரத்தைச் செலவழிக்கத் தகாத ஆள் ஒருவர் முன்னால் நிற்கும்போது அவள் உதடும் அப்படித்தான் இறங்கும்.

"கிழக்குப் பக்கம் சரிவு இல்ல" என்றாள். "பாறைதான். நீங்க சொன்னது சரி."

"தெரியும். நான் அங்க இருந்தேன்."

"நான் பார்க்காம எழுதிட்டேன். விசாரணைக்கு இப்ப உண்மையை எழுதி அனுப்பியிருக்கேன். உங்ககிட்ட நேர்ல..."

"எனக்குத் தெரிஞ்சதை என்கிட்டயே வந்து சொல்றதுல என்ன இருக்கு?" அவர் அட்டையை மூடினார். "மன்னிப்பு கேட்டா உங்களுக்கு லேசாயிடும். எனக்கு இன்னைக்கு நாற்பது வீடு இருக்கு." எழுந்து தொப்பியை எடுத்தவர், கதவு வரை போய் நின்றார். "தெரியாதவங்க ஒருத்தங்க இருக்காங்க. ஆறு வருஷமா என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தறாங்க. அங்க வந்து சொல்வீங்களா?"

அவள் தலையசைத்தாள். வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்த அலுவலகத்துத் தூசியைப் பற்றியும், குவிந்து கிடந்த மீட்டர்களைப் பற்றியும் மனதுக்குள் நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். இப்போது அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நடந்தாள். இருபது நிமிஷ நடையில் அவர் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும், சாலையைக் கடக்கும்போது, வண்டி வருகிறதென்று இரண்டு விரல் கையைப் பின்னால் நீட்டி அவளை நிறுத்தினார்.

மூன்று மாடிக் கட்டடம். இரண்டாவது மாடியில் அழைப்பு மணியை அழுத்திவிட்டு அவர் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி நின்றார். கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கையில் ஈரத்துணி. அவள் பார்வை நேராகப் படிக்கட்டுக்குப் போனது, கதவு தானாக மூட ஆரம்பித்தது.

"நான் பேச வரல" என்றார் அவர். "இவங்க பேசுவாங்க. கேட்டுட்டு அப்புறம் சாத்திக்குங்க."

உள்ளே சின்னக் கூடம். மேசை முழுக்க இஸ்திரி போட வைத்த துணி. அந்தப் பெண் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் வைத்து, ஈரத்துணியால் மேசையைத் துடைத்து, அது காயும் வரை சும்மா நின்றாள். திரும்பாத அந்த மூன்றாமவர், அவளுடைய கணவர், மலையில் வழிதப்பிப் போனார் என்று ஊருக்கே தெரியும். தப்பான வழியில் கூட்டிப்போனவர் யார் என்பதையும் அரசாங்க முத்திரையோடு வந்த காகிதம் அவளுக்குச் சொல்லியிருந்தது. வந்தவள் தாளை விரித்தாள். சுருண்டு சுருண்டு மூடிக்கொண்ட ஓரங்களில் தண்ணீர்ச் செம்பையும் கடிகாரத்தையும் ஒரு பாடப் புத்தகத்தையும் வைத்து அழுத்தினாள். பிறகு சொன்னாள். எதையும் விடவில்லை. தலைகீழாக வைத்து இழுத்த தாள், பதினெட்டு நாளில் வந்த கல்யாணம், பதினோரு எழுத்துப் பிழை, ஒரு தேநீர் குடிக்கிற நேரம், இரண்டு வரி. சொல்லும்போது தன் அக்கா என்றே சொன்னாள். தன் அத்தான் என்றே சொன்னாள். அந்தப் பெண் ஈரத்துணியை எட்டாக மடித்து, பிரித்து, மறுபடி எட்டாக மடித்தாள்.

எல்லாம் முடிந்த பிறகும் அவள் திட்டவில்லை. ஒரு மனுஷியைப் பார்ப்பதுபோலக்கூடப் பார்க்கவில்லை; தரையில் ஊர்ந்து வந்த எதையோ, நசுக்கலாமா வேண்டாமா என்பதுபோல ஒரு நிமிஷம் பார்த்தாள். வந்தவள் அந்தப் பார்வையின் அடியில் அசையாமல் நின்றாள். அதற்குத்தான் வந்தோம் என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

பிறகு அந்தப் பெண் வாசலைப் பார்த்து, "உள்ள வாங்க" என்றாள்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். செருப்பை வெளியே விட்டதில் ஒன்று கவிழ்ந்து விழுந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றார்.

"இதுல அவர் எங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

வரைபடத் துறைக்காரி ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். அவர்தான் குனிந்தார். புதிய தாள் அவருக்குப் பழக்கமில்லாதது, கொஞ்சம் தேடினார். வலது கையின் சுட்டுவிரல் மேற்கே ஒரு முகட்டில் ஆரம்பித்து, பனி வெள்ளையின் ஓரமாக மெல்ல நகர்ந்து, நின்று, திரும்பி, கோடுகள் நெருங்கி நெருங்கி ஒரே பழுப்பாக அப்பிக் கிடந்த இடத்துக்கு வந்தது. அங்கே வைத்தார்.

அந்தப் பெண் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். கண்களைச் சுருக்கினாள்.

"சரியாத் தெரியல. இருங்க, கண்ணாடி எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனாள்.

அறைக்குள் ஒரு இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. அவர் விரலை எடுக்கவில்லை. எடுத்தால் அந்த இடம் மறுபடி தொலைந்துவிடும் என்பதுபோல, மேசையில் மறு கையை ஊன்றிக்கொண்டு, குனிந்த வாக்கில் அப்படியே நின்றார். நகத்தின் நுனி வெளுத்திருந்தது.